பாளையங்கோட்டையில் ஒரு பனிமலைப் பயிற்சி: கட்டணத்துக்குத் தகுந்ததா?

லடாக்கில் உள்ள காங் யாட்சே 2 என்னும் 6,250 மீட்டர் உயரச் சிகரத்துக்கு வழிகாட்டியுடன் ஏறச் செல்பவர்களைத் தயார்செய்வதற்கென்று பாளையங்கோட்டையில் ஓர் அமைப்பு பயிற்சி நடத்திவருகிறது. வார இறுதி நாள்களில் உடற்பயிற்சி, மருத்துவ ஆலோசனை, கயிறு முதலிய கருவிகளின் அறிமுகம், பூட்ஸும் குளிர் உடைகளும் வாடகைக்கு என எல்லாம் சேர்ந்த ஒரே தொகுப்பு அது. மலையேற்றத்தை நடத்துவது லடாக்கின் லே நகரில் இருக்கும் வேறொரு நிறுவனம். சிகரத்துக்கான அனுமதி வாங்குவது, கூடாரம், சமையல், கயிறு கட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பாளையங்கோட்டைக்காரர்களின் வேலை நம்மை விமானம் ஏற்றிவிடுவதோடு முடிந்துவிடுகிறது. அந்தத் தொகுப்பில் சேர்ந்து, மலைக்கும் போய்த் திரும்பிய பிறகு இதை எழுதுகிறேன். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதாலும், ஒருவரே முன்னின்று நடத்தும் சிறிய அமைப்பு என்பதாலும் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதைப் போன்ற வேறு பயிற்சிகளில் சேர நினைப்பவர்களுக்கும் இங்கே சொல்பவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கால்களையும் நடையையும் பழக்குவதில் இவர்கள் கெட்டிக்காரர்கள். உடல்நலம் குறித்த எச்சரிக்கைகளை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார்கள். பூட்ஸ் விஷயத்தில் இவர்கள் எடுத்துக்கொள்ளும் சிரத்தை அபூர்வமானது. ஆனால் கைகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பனியில் நாம் செய்யும் வேலைகளில் பாதி கைகளால் செய்பவை என்ற செய்தி பயிற்சி முழுவதிலும் ஓரிடத்தில்கூட வரவில்லை. வாடகைக்குத் தரும் ஸ்லீப்பிங் பேக்குகள் மீதும் எனக்குப் புகார் உண்டு.

நெல்லைச் சீமையிலிருந்து பனிமலைக்குப் போகிறவருடைய சிரமம் என்னவென்பதை முதலில் புரிந்துகொண்டால்தான் இந்தப் பயிற்சியை நியாயமாக எடைபோட முடியும். திருநெல்வேலி நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஐம்பது மீட்டரைக்கூட எட்டவில்லை. பொதிகையின் சிகரமான அகத்தியமலை 1,868 மீட்டர். லே நகரமோ ஏறத்தாழ 3,500 மீட்டரில் இருக்கிறது. பொதிகையின் உச்சியில் போய் நின்றாலும் லேயின் கடைத்தெருவுக்குப் பாதி உயரம்தான் வந்திருப்போம். 5,500 மீட்டரை நெருங்கும்போது காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் பாதியாகிவிடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவில் குறைகிறது. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி வீதம் வெப்பநிலையும் இறங்குகிறது. சித்திரை வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில் இருந்துகொண்டு இவை இரண்டையும் ஒத்திகை பார்க்க வழியே இல்லை. ஊரிலேயே தயார்செய்யக்கூடியது எது, மலைக்குப் போனபிறகுதான் உடம்பு பழகிக்கொள்ளும் என்பது எது என்று பிரித்துச் சொல்லும் நேர்மைதான் இப்படிப்பட்ட பயிற்சிக்கு முதல் தகுதி. பயிற்சியாளருக்கு அந்த நேர்மை இருக்கிறது. இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், லடாக்கில் பணியாற்றியவர், முதல் வகுப்பிலேயே, "அண்ணாச்சி, காலை நான் தயார் பண்ணிருவேன். மூச்சுக்கு மலைதான் வாத்தியாரு" என்று சொல்லிவிட்டார்.

காலைத் தயார்செய்யும் முறை எளிமையானது, ஆனால் கண்டிப்பானது. வாரநாள்களில் விடியற்காலையில் மைதானத்தில் ஓட்டம். அதுவும் பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியத்தில் பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. வேகமாக ஓடி மூச்சிரைப்பதைவிட நெடுநேரம் நிதானமாக ஓடுவதுதான் மலைக்கு உதவும் என்பது அவருடைய கணக்கு. இளைஞர்களுக்கு இது பிடிக்கவில்லை; ஆனாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வார இறுதியில் பண்பொழித் திருமலைக் கோயிலின் படிகள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட அந்தப் படிகளில், முதுகுப்பையில் தண்ணீர்க் கேன்களை வைத்துக்கொண்டு ஏற வேண்டும். தண்ணீரைச் சுமையாக வைப்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது. உச்சிக்குப் போனதும் அதை அங்குள்ள செடிகளுக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம். ஆகையால் முழங்கால்களுக்குத் தொந்தரவு இல்லை. கடைசிக் கட்டத்தில் மட்டும் ஊற்றவிடாமல் சுமையோடேயே இறங்க வைத்தார். மலையில் விபத்துகள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் நேர்கின்றன, களைத்த தொடைகளுக்கு இறக்கத்தைப் பழக்காவிட்டால் ஏற்றப் பயிற்சி பாதிக் கிணறு தாண்டியதாகத்தான் இருக்கும் என்று அதற்கு விளக்கம் சொன்னார்.

படிகளில்தான் நடையையும் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வோர் அடிக்கும் பின்னங்காலை நேராக நிறுத்தி, உடலின் பாரத்தைத் தசையின் மீது இல்லாமல் எலும்பின் மீது ஒரு நொடி இறக்கிவைத்துவிட்டு, அதன் பிறகே முன்னங்காலுக்கு மாற வேண்டும். பார்ப்பதற்குக் கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை நடப்பதைப் போலிருக்கும் என்பதால் கோயிலுக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். உச்சிநாளின் இரவில் மணிக்கணக்கில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த நடைதான். கட்டணத்தில் பாதியை இதற்கென்றே கொடுக்கலாம் என்று சொல்வேன்.

இன்னொரு விஷயத்தையும் பாராட்ட வேண்டும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் ஆள்களைக் கூட்டிப்போய், அதை மலையேற்றப் பயிற்சி என்று சொல்லிக் காசு வாங்கும் பழக்கம் இவரிடம் இல்லை. மாஞ்சோலைப் பக்கம் போகலாமே என்று கேட்டவர்களிடம், வனத்துறை அனுமதிக்கும் சாலையில் அனுமதிக்கும் நேரத்தில் தவிர வேறெங்கும் கால்வைக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அகத்தியமலைக்கு நடந்தே தீர வேண்டும் என்று விரும்பியவர்களைக் கேரள வனத்துறை ஆண்டின் தொடக்கத்தில் போனக்காடு வழியாக முன்பதிவின் பேரில் நடத்தும் பயணத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்.

மருத்துவ வகுப்பைத் தனியாகக் குறிப்பிட்டாக வேண்டும். உடற்பரிசோதனைகளின் முடிவுகளைப் பார்த்த பிறகுதான் டாக்டரம்மா ஒவ்வொருவரையும் பயிற்சியில் தொடர அனுமதித்தார். இரத்த அழுத்தம் கட்டுப்படாத ஒருவரிடம் இந்த ஆண்டு வேண்டாம் என்று சொல்லிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். உயரத்தால் வரும் நோயின் மூன்று வடிவங்களையும் அவர் தெளிவாகப் பிரித்துச் சொன்னார். தலைவலி, குமட்டல், சோர்வு, தூக்கமின்மை என்று வருவது பலருக்கும் வரக்கூடியது. அது இருக்கும்வரை மேலே ஏறக் கூடாது. தள்ளாட்டமும் குழப்பமும் வந்தால் மூளையில் நீர் கோத்துக்கொள்கிறது என்று பொருள். குதிகாலையும் விரல்நுனியையும் ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கி இருமினால் நுரையீரலில் நீர் சேர்கிறது. பின்னிரண்டும் உயிருக்கு ஆபத்தானவை; விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறக்க வேண்டும். மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனபிறகு, படுக்கும் இடத்தின் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்ற விதியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, லே நிறுவனத்தின் பயணத் திட்டத்தை அதன் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க வைத்தார். டயமாக்ஸ் என்ற பெயரில் விற்கும் அசிட்டசோலமைடு மாத்திரையை நம் விருப்பத்துக்கு வாங்கிப் போடக் கூடாது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியே தீர வேண்டும். வழக்கமாகத் தரும் தற்காப்பு அளவு காலையும் மாலையும் 125 மில்லிகிராம் என்பதால், இரட்டிப்பாகப் போட்டுக்கொண்டால் இரட்டிப்புப் பலன் என்று நினைக்க வேண்டாம் என்றும் எச்சரித்தார்.

இவற்றையெல்லாம்விட முக்கியமாக அவர் சொன்னது, உடல்தகுதிக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை என்பது. மைதானத்தில் எங்கள் எல்லோரையும் பின்னே விட்டு ஓடிய தம்பி ஒருவர், சிகரத்துக்குப் போகும் வழியில் ஏறத்தாழ 4,800 மீட்டரில் இருக்கும் நிமாலிங்கில், தலைவலியும் வாந்தியுமாகப் படுத்துவிட்டார். வழிகாட்டி அவரைக் கீழே அனுப்பிவிட்டார். அவரைவிட இரு மடங்கு வயதான, படிகளில் எப்போதும் கடைசியாக வந்த அண்ணாச்சி ஒருவருக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. இந்த வகுப்பைக் கேட்டிராவிட்டால் அந்தத் தம்பி தலைவலியை மறைத்துக்கொண்டு மேலே வந்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இவ்வளவு நல்ல வகுப்பை நடத்தும் அதே இடத்தில், வாசலருகே ஒரு மேசையில் முகமூடி விற்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. மூச்சிழுக்கும் வழியைக் குறுக்கி, உயரத்தில் இருப்பதைப் போல உடலைப் பழக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் முகமூடி அது. அதைப் போட்டுக்கொண்டு ஓடினால் மூச்சுத் தசைகளுக்கு வேலை கூடும், அவ்வளவுதான். உள்ளே வரும் காற்றின் அழுத்தம் பாளையங்கோட்டையின் அழுத்தமாகவே இருப்பதால் உயரத்துக்கு உடல் பழகுவதில்லை. நேரடியாகக் கேட்டபோது பயிற்சியாளரே அதை மறுக்கவில்லை. விற்பனைக்கு வைத்திருப்பவர் கூட்டாளி என்று சொல்லி மழுப்பினார். கற்பூரம் முகர்ந்தால் மூச்சுத்திணறல் போய்விடும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். கற்பூரத்தின் குளிர்ச்சி மூக்கு திறந்ததைப் போன்ற உணர்வைத் தருமேயன்றி இரத்தத்தில் ஆக்சிஜனைக் கூட்டாது. அந்த மேசையில் கற்பூரப் பொட்டலங்களும் இருந்தன.

இனி, பூட்ஸ். இந்த அமைப்பின் உண்மையான பெருமை இங்கேதான் இருக்கிறது. ஆண்டு முழுவதும் செருப்பு போட்டு நடக்கும் நம் ஊர்க்காரர்களின் பாதம் விரல்பக்கம் விரிந்திருக்கும். பனிமலைப் பூட்ஸ்கள் பெரும்பாலும் குறுகிய முன்பாதத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. கடையில் நம்பர் மட்டும் கேட்டு வாங்குகிறவர் மலையில் நகம் கறுத்துத் திரும்புகிறார். இவர்கள் மாலை நேரத்தில், நாள் முழுவதும் நடந்து பாதம் வீங்கியிருக்கும்போது, தாளின் மேல் நிற்கவைத்துப் பென்சிலால் இரண்டு பாதங்களையும் வரைந்துகொள்கிறார்கள். மெல்லிய காலுறையும் அதன் மேல் கம்பளிக் காலுறையும் போட்டு, கட்டைவிரலுக்கு முன்னால் விரற்கிடை இடம் இருக்கிறதா, சரிவான பலகையில் இறங்கி நிற்கும்போது விரல்நுனி இடிக்கிறதா என்று பார்த்த பிறகே ஜோடியை ஒதுக்குகிறார்கள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பூட்ஸ்கள் சேர்ந்த இரட்டைப் பூட்ஸ் அது; அடித்தளம் வளையாது, ஆகையால்தான் அதில் பனிமுள்சட்டமான கிராம்பான் நிலையாக மாட்டும். நடை பழகாதவருக்கு முதல் நாள் மரக்கட்டையைக் கட்டிவிட்டதைப் போன்று தோன்றும். இதைப் போட்டுக்கொண்டே திருமலைக் கோயில் அடிவாரத்தில் நடக்க வைத்தபோது வியர்வையில் காலுறை நனைந்து குதிகால் கொப்புளித்தவர்களிடம் பயிற்சியாளர் சொன்னார்: "செருப்பு கடிச்சா கழத்திப் போட்டுட்டு நடந்திரலாம். பூட்ஸ் கடிச்சா அங்க என்ன செய்விய?" கொப்புளம் வருகிற இடம் எது என்று ஊரிலேயே தெரிந்துகொண்டு, புறப்படும் முன்பே அங்கே பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கற்றுத்தந்த பாடம், எங்கள் குழுவில் ஒருவருக்கும் மலையில் கால் புண்ணாகவில்லை.

பயன்படுத்தாமல் நெடுநாள் கிடக்கும் பூட்ஸ்களில் பாலியூரித்தேன் அடித்தளம் ஈரப்பதத்தால் உள்ளுக்குள் சிதைந்து, பார்க்க நன்றாக இருக்கும்போதே நடக்கையில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். இதையும் அறிந்துவைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு ஜோடியின் அடித்தளத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, வாங்கிய ஆண்டை உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பூட்ஸில் காட்டிய இந்த அக்கறையை ஸ்லீப்பிங் பேக்கில் காட்டாதது எனக்கு வியப்பாகவே இருந்தது. எனக்குத் தந்த பையின் வெளியுறையில் மைனஸ் 20 டிகிரி என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. பையின் உள்தையலில் சிறிய எழுத்தில் மூன்று எண்கள் இருக்கும். சுகமாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை ஒன்று, சுருண்டு படுத்துச் சமாளிக்கும் வரம்பு ஒன்று, உயிர் தப்பலாம் என்பதற்கு மேல் எந்த உறுதியும் தராத கடைசி எல்லை ஒன்று. வெளியுறையில் அச்சிட்டது அந்தக் கடைசி எண். சுகமான வெப்பநிலை அதைவிடப் பல டிகிரி மேலே இருந்தது. ஐ.எஸ்.ஓ. 23537 தரக்குறியீட்டின்படி சோதிக்கப்பட்ட பைகளில் இந்த எண்கள் தனித்தனியே தரப்பட்டிருக்கும். வாடகைக்கு எடுப்பவர்கள் வெளியுறையை விட்டுவிட்டு முதலாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும். இதோடு, இறகு அடைத்த பைகளை இவர்கள் அடுத்த பருவம்வரை சுருட்டி இறுக்கிய உறையிலேயே அலமாரியில் அடுக்கி வைக்கிறார்கள். நசுங்கியே கிடக்கும் இறகு மறுபடியும் பழையபடி உப்பாது. உப்பினால்தான் அதற்குள் காற்று தங்கி வெப்பத்தைக் காக்கும். எனக்குக் கிடைத்த பை ஐப்பசி மழையின் பூஞ்சை நாற்றத்தோடு, மார்புப் பக்கம் மெலிந்து, கால்பக்கம் இறகெல்லாம் கட்டிதட்டி இருந்தது. 5,100 மீட்டர் உயரத்தில் இருந்த அடிவார முகாமில் உள்ளுடை, கம்பளி, ஜாக்கெட் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டுதான் அதற்குள் படுக்க முடிந்தது. திரும்பி வந்ததும் இதைச் சொன்னேன். பெரிய பருத்திப் பைகளில் தளர்வாகப் போட்டு வைப்பதாக ஒப்புக்கொண்டார்கள். அடுத்த அணியினர் அலமாரியை எட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

குளிரைக் காட்டுவதற்கு இவர்கள் செய்யும் ஏற்பாடு புத்திசாலித்தனமானது. தூத்துக்குடிப் பக்கம் மீன் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றின் குளிர்கிடங்குக்குள், மைனஸ் 18 டிகிரியில், உரிமையாளரின் அனுமதியோடும் வெளியே ஓர் ஆள் காவலோடும், மலையில் போடவிருக்கும் உடை முழுவதையும் அணிந்து நிற்க வைக்கிறார்கள். பருத்தி பனியனை உள்ளே போட்டு வந்தவர்கள் யார் யார் என்று அங்கே சில நிமிடங்களில் தெரிந்துவிட்டது. வெளியே புழுக்கத்தில் ஊறிய வியர்வையைப் பருத்தி உறிஞ்சிவைத்துக்கொண்டதால் அவர்கள் முதுகு சில்லிட்டு முதலில் கதவுப் பக்கம் நகர்ந்தார்கள். கம்பளி அல்லது பாலியெஸ்டரால் ஆன, உடம்பை ஒட்டிய மெல்லிய உள்ளுடை, அதன் மேல் ஃபிலீஸ் என்னும் மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை, அதற்கும் மேல் இறகு ஜாக்கெட், காற்று புகாத மேலுறை என்ற அடுக்கு முறையை இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பிலும் விளக்கிவிட முடியாது. உடையெல்லாம் மீன் வாடை அடித்தது என்று சிலர் முணுமுணுத்தார்கள். அது ஒரு குறையல்ல. காற்று வீசாத குளிர் அது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முகட்டில் காற்று சேரும்போது அதே வெப்பநிலை வேறோர் ஆளாகிவிடுகிறது.

அந்தக் குளிர்கிடங்கிலேயே கைகளுக்கும் பயிற்சி தந்திருக்கலாம் என்பதுதான் என் முதன்மையான மனக்குறை. இடுப்பு வார்க்கட்டு அணிவது, காராபினர் என்னும் உலோகக் கொக்கியின் திருகைப் பூட்டுவது, சரிவில் கட்டிவைத்த நிலைக்கயிற்றில் ஜூமார் என்னும் ஏறுபிடியை மாட்டி ஏறுவது, எட்டு வடிவ வளையத்தில் கயிற்றைக் கோத்து இறங்குவது, கிராம்பானின் வாரை இறுக்கி எஞ்சிய நுனியைச் செருகுவது என எல்லாவற்றையும் பாளையங்கோட்டைக் கூடத்தில், மின்விசிறியின் கீழே, வெறுங்கையால் பழகினோம். கேட்டால் தூக்கத்தில்கூடச் செய்துவிடுவேன் என்று சொல்லும் அளவுக்குப் பழகினோம். உச்சிக்குப் புறப்பட்ட நள்ளிரவில் நிலைமை வேறு. கையில் மெல்லிய உள்ளுறை, அதன் மேல் கம்பளி உறை, அதற்கும் மேல் விரல் பிரியாத கனத்த உறை. தலைவிளக்கின் வட்டத்துக்குள் கிராம்பான் வாரின் நுனி தெரிகிறது. ஆனால் அதைப் பிடித்து வளையத்துக்குள் நுழைக்க இரண்டு விரல்கள் வேண்டும், உறையோ ஐந்தையும் ஒரே கட்டையாக்கி வைத்திருக்கிறது. கழற்றினால் உலோகம் விரலைச் சுடுவதைப் போலக் கடிக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் மரத்துவிடுகிறது. குழுவில் ஒருவர் பல்லால் உறையை இழுத்துக் கழற்றியபோது அது சரிவில் உருண்டு இருட்டுக்குள் போய்விட்டது. வழிகாட்டி தன் பையிலிருந்த மாற்று உறையைக் கொடுத்திராவிட்டால் அவர் அங்கேயே திரும்பியிருக்க வேண்டியதுதான்.

இதற்குத் தீர்வு ஒன்றும் பெரிதல்ல. உறையை மணிக்கட்டோடு பிணைக்கும் வாரை ஒவ்வொரு ஜோடிக்கும் தைத்துத் தரலாம். ஜிப்புகளின் நுனியில் விரலளவு நாடா முடிந்துவைக்கலாம். கயிற்று வேலை முழுவதையும் இரண்டு அடுக்கு உறையோடு, விளக்கை அணைத்துவிட்டு, பிறகு அதே குளிர்கிடங்குக்குள் செய்து பார்க்க வைக்கலாம். உள்ளுறையோடு செய்யக்கூடிய வேலைகள் எவை, கனத்த உறையோடு செய்யக்கூடியவை எவை என்று ஊரிலேயே பிரித்து வைத்துக்கொள்பவருக்கு மேலே தடுமாற்றம் இருக்காது. கருவிகளை மாட்டும் வேலையில் வார்க்கட்டையும் பூட்ஸையும் கூடாரத்துக்குள் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்பதைக்கூட லே வழிகாட்டிதான் எங்களுக்குச் சொன்னார். பயிற்சியாளர் இராணுவத்தில் இருந்தவர். குளிரில் கை படும் பாட்டை அறியாதவர் அல்லர். பாடத்திட்டத்தில் இடம் பிடிக்காமல் போனதற்குப் படிகள்மீது அவருக்கிருக்கும் அபாரப் பிரியம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

மலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் லேயிலிருந்து எல்லோரும் போய்வந்த 6,153 மீட்டர் ஸ்டோக் காங்ரி 2020இல் மலையேறுபவர்களுக்கு மூடப்பட்ட பிறகு காங் யாட்சே 2இன் பக்கம் கூட்டம் திரும்பியிருக்கிறது. விரைவாக அடிவாரத்தை அடையும் குறுக்கு வழி இருந்தும், ஸ்கியு, மார்கா, ஹங்கர் ஊர்கள் வழியாக மார்கா பள்ளத்தாக்கில் மெல்ல உயரும் நீண்ட வழியையே எடுக்கச் சொல்லி எங்களை அனுப்பியவர்கள் பாளையங்கோட்டைக்காரர்கள்தான். டெல்லியிலிருந்து விமானத்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் 3,500 மீட்டருக்குப் போய் இறங்கும் உடம்புக்கு, லேயில் முழு ஓய்வுக்குப் பிறகும் அந்த நிதானம் தேவைப்பட்டது. நான் உச்சியை எட்டினேன். அதை இந்தப் பயிற்சிக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்று வானம் தெளிந்து காற்று அடங்கியிருந்தது, வழிகாட்டி கெட்டிக்காரர்.

உணவைப் பற்றி அவர்கள் தந்த குறிப்பு அரைப்பக்கம்தான் என்றாலும் பயனுள்ளது. உயரத்தில் பசி மந்தித்துவிடும் என்பதால், வாய்க்குப் பழகியதைக் கொண்டுபோகச் சொன்னார்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எந்தக் குளிரிலும் கடிக்க முடிந்தது. சட்டையின் உள்பையில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஆசையாகக் கொண்டுபோன அல்வா நெய் உறைந்து கல்லாகிவிட்டது. அடிவார முகாமில் சமையல்காரர் தோசைக்கல்லில் போட்டு இளக்கிக் கொடுத்தார். லடாக்கிக்காரரான அவருக்கு அது மிகவும் பிடித்துப்போய்விட்டது என்பது தனிக்கதை.

சொல்ல மறந்தவை இரண்டு. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான் எடுபடும் என்பதை முன்பே சொல்லியிருந்தால், வீட்டுக்குப் பேச முடியாமல் பாதிப்பேர் லேயில் அலைந்திருக்க மாட்டார்கள். காப்பீடு இதைவிடக் கனமான விஷயம். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, கயிறு கட்டி ஏறும் மலையேற்றத்தையும் குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்ட பயணத்தையும் விலக்கி வைத்திருக்கும். ஹெலிகாப்டரில் இறக்க நேர்ந்தால் செலவு நம் தலையில் விழும். பாலிசியின் விலக்குப் பகுதியை வரிக்கு வரி படிக்க வைப்பது ஒரு பயிற்சி அமைப்பின் கடமை.

கட்டணம், வாடகையும் சேர்த்து ரூ. 18,000. வாடகைப் பொருள்களுக்கான முன்பணம் தனி. இந்தப் பூட்ஸையும் ஜாக்கெட்டையும் விலைக்கு வாங்குவதானால் பூட்ஸுக்கே இதைவிட அதிகமாகும் என்பதால் தொகை நியாயமானதே. ஆனால் ஒப்பிட வேண்டிய இன்னொன்று இருக்கிறது. 1954இல் தொடங்கிய டார்ஜிலிங் இமாலய மலையேற்ற நிறுவனமும், 1965இல் தொடங்கிய உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனமும் 28 நாள் அடிப்படைப் பயிற்சி நடத்துகின்றன. உண்மையான பனியாற்றின் மேலேயே பனிக்கோடரியால் சறுக்கலை நிறுத்துவது வரை சொல்லித் தருகிறார்கள். விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி 2023இல் எவரெஸ்ட்டின் உச்சியைத் தொட்ட பிறகு, நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு ஆறாயிரம் மீட்டரோடு நிற்கும் எண்ணம் இல்லை. அப்படிப்பட்டவர்கள், வயது வரம்புக்குள் இருந்து ஒரு மாத விடுப்பும் கிடைக்குமானால், நேரே அங்கே போவதுதான் முறை. வேலையையும் வீட்டையும் வைத்துக்கொண்டு வாழ்க்கையில் ஒருமுறை வழிகாட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உயரமான பனிமலை ஒன்றில் ஏறிவிட வேண்டும் என்று ஆசைப்படும் என்னைப் போன்றவர்களுக்குப் பாளையங்கோட்டைப் பயிற்சி போதும். கையுறைப் பழக்கத்தை மட்டும் வீட்டில் ஐஸ் கட்டி போட்ட வாளியின் துணையோடு தாங்களே செய்துகொள்ள வேண்டும்.

முன்பணத்தைத் திருப்பித் தருவதில் இழுத்தடிப்பு இல்லை. கிராம்பான் முள் கிழித்த கால்சட்டைக்கு என்னிடம் ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொண்டார்கள், அதற்கு ரசீதும் கொடுத்தார்கள். அடுத்த அணிக்குப் பொங்கல் கழிந்ததும் சேர்க்கை தொடங்குகிறது. 9, 10 எண் பூட்ஸ்கள் மிகச் சிலவே இருப்பதால், அகலமான பாதம் உள்ளவர்கள் முதல் வாரத்திலேயே போய்த் தாளில் அளவு கொடுத்துவிட வேண்டும். போகும்போது ஸ்லீப்பிங் பேக்கின் உள்தையலையும் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.